5.5 லட்சத்துக்குள், ஓட்டுவதற்காகவே ஒரு கார்: மாணவனுக்கு எது சரி?

பொள்ளாச்சி_பையன்

வணக்கம். கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், சொந்த ஊர் பொள்ளாச்சி பக்கம். முதல் கார் வாங்கப் போகிறேன். போய்வர மட்டும் என்றால் வீட்டில் அப்பாவின் வேகன்ஆர் இருக்கிறது, கேட்டு வாங்கி ஓட்டிக்கொள்வேன். எனக்கு வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், எந்த வேலையும் இல்லாமலே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றுகிற வண்டி. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்ப வேண்டும். இரண்டாம் கியரில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்ட வேண்டும்.

எங்கள் கல்லூரி அணி ஃபார்முலா பாரத் போட்டிக்காக ஒரு சின்ன ரேஸ் கார் செய்கிறது. கேடிஎம் 390 பைக்கின் எஞ்சின், நாங்களே வெல்டிங் வைத்த சேசிஸ். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் அதைச் சோதித்த நாளில் எனக்கும் நான்கு சுற்று கிடைத்தது. அன்றிலிருந்து இந்த ஆசை விடவே இல்லை.

பணக் கணக்கு இது. இன்டர்ன்ஷிப்பிலும் ட்யூஷனிலும் நான் சேர்த்தது 1.5 லட்சம். அப்பா 4 லட்சம் தருகிறேன் என்கிறார். கார், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் இந்த 5.5 லட்சத்துக்குள் முடிய வேண்டும். அப்பாவின் நிபந்தனை இரண்டு. கடன் வாங்கக் கூடாது. ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத வண்டி வீட்டு வாசலுக்கு வரக் கூடாது. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுவேன், பாதி ஊருக்குள், பாதி ஊருக்குப் போய்வர.

மனம் முழுக்க ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ மேல் இருக்கிறது. 2014 மாடல் ஒன்று, 88,000 ஓடியது, 4.8 லட்சம் சொல்கிறார்கள். வாங்கலாமா?


நான்காம்_கியர்

வாங்கு தம்பி. அந்த 1.2 டர்போ பெட்ரோல் எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மிலேயே 175 நியூட்டன் மீட்டர் இழுவை தரும். பைபாஸில் ஒரு லாரியைத் தாண்டிப் பார், அப்புறம் வேறு கார் எதுவும் பிடிக்காது. 2022-இல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுவிட்டது. நல்ல வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன.


பட்டறை_வீட்டுப்_பெண்

தம்பி, கொஞ்சம் பொறு.

அப்பா 30 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறார். 6 வருடமாக நானும் அவரோடு வேலை பார்க்கிறேன். நீ சொல்லும் போலோவின் எஞ்சின் அருமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நீ யோசிக்க வேண்டியது அதன் கியர்பாக்ஸைப் பற்றி. அந்த 1.2 டிஎஸ்ஐ வண்டி 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் வந்தது. உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டுமே உலர் வகை, அதாவது ஆயிலில் ஊறாதவை. கியர் மாற்றும் வேலையை மெக்கட்ரானிக் என்ற ஹைட்ராலிக்கும் எலக்ட்ரானிக்ஸும் கலந்த பெட்டி செய்கிறது. ஓடும் சாலையில் இது வெண்ணெய் மாதிரி மாறும். ஆனால் காந்திபுரம் சிக்னலில் ஒரு அடி நகர்ந்து, நின்று, மறுபடி ஒரு அடி நகர்ந்தால், கிளட்ச் பாதி பிடித்தபடியே தேயும், சூடாகும். சூட்டை எடுத்துப்போக அங்கே ஆயில் இல்லை. எந்தக் கம்பெனி செய்தாலும் உலர் கிளட்ச் இரட்டைப் பெட்டியின் இயல்பு இதுதான்.

கிளட்ச் தொகுதியும் மெக்கட்ரானிக்கும் சேர்ந்து போனால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். வேலைக்குப் போகிறவர் என்றால் ஒரு மாதம் கையைக் கடிக்கும், சமாளித்துவிடுவார். உன் கையில் மீதி இருக்கப்போவது 70,000. அதில் பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும் போனால் பழுது பார்க்கப் பணம் இருக்காது. வண்டி கவர் போட்டு வீட்டில் நிற்கும், நீ பஸ்ஸில் கல்லூரிக்குப் போவாய். அப்படி நிற்கிற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

என் கணக்கு இதுதான். வண்டி விலை 4.7-ஐத் தாண்டக் கூடாது. மீதி 80,000 வண்டியோடு சேர்ந்த செலவு என்று நினைத்துக்கொள், சேமிப்பு என்று நினைக்காதே. மேனுவல் கியர் எடு. நீ கேட்கிற சந்தோஷத்தில் பாதி இடது காலிலும் இடது கையிலும்தான் இருக்கிறது.


பொள்ளாச்சி_பையன்

நன்றி அக்கா. படித்ததும் கொஞ்சம் சோர்ந்துதான் போனேன். ஆனால் மேனுவலில் போலோ ஜிடி என்றால் டீசல் ஜிடி டிடிஐ மட்டும்தானே? 2020-க்குப் பிறகு வந்த 1.0 டர்போ மேனுவல் என் கைக்கு எட்டாது. மற்றபடி சாதாரண ஸ்விஃப்ட் மாதிரி 80, 85 குதிரைத்திறன் வண்டிகள்தான் இருக்கின்றன. 100 குதிரையாவது வேண்டும் என்று ஆசை.


எடை_முக்கியம்

தம்பி, ஃபார்முலா அணியில் இருக்கிறாய், உனக்கே தெரியும். உங்கள் ரேஸ் காரின் எஞ்சின் 373 சிசி. அது ஏன் அப்படிப் பாய்கிறது? எடை இல்லாததால். தெருவில் ஓடும் காருக்கும் அதே கணக்குதான்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரைத்திறன், எடை சுமார் 1,100 கிலோ. ஒரு டன்னுக்கு 95 குதிரை. 2018-இல் வந்த ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல் 83 குதிரைத்திறன்தான், ஆனால் எடை சுமார் 870 கிலோ. வகுத்துப் பார், அதுவும் 95. நம்ப முடிகிறதா?

இதைச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே மாதிரி ஓடாது. போலோவின் 175 நியூட்டன் மீட்டர் 1,500 ஆர்பிஎம்மில் வந்துவிடுகிறது. ஸ்விஃப்டின் 113 நியூட்டன் மீட்டர் முழுதாக வருவதற்கு 4,200 வரை சுற்ற வேண்டும். அதனால் மூன்றாம் கியரில் சோம்பலாகப் போய்க்கொண்டே திடீரென மிதித்தால் போலோ கிளம்பிவிடும், ஸ்விஃப்ட் யோசிக்கும். ஸ்விஃப்டில் கியரைக் குறைத்து, ஊசியை மேலே ஏற்றி வைத்து ஓட்ட வேண்டும். உனக்கு 20 வயது. அந்த வேலையைச் செய்வதே உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எடை குறைந்தால் வேகம் மட்டும் கிடைப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது நிறுத்த வேண்டிய பாரம் குறைவு. வளைவில் டயர் தாங்க வேண்டிய பாரம் குறைவு. பேட், டயர், பெட்ரோல் எல்லாம் மெதுவாகத் தீரும். கோவையில் வளர்ந்த ரேஸ்காரர்களில் எத்தனையோ பேர் ஃபார்முலா எல்ஜிபி கார்களில் கற்றுக்கொண்டவர்கள். அந்தக் கார்களின் முதுகில் இருப்பது பழைய ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் எஞ்சின்தான். குதிரை எண்ணிக்கையை வைத்து மட்டும் வண்டியை எடை போடாதே.


பழைய_ஃபியஸ்டா

நான் சொல்லப்போவதை வாங்குகிறாயோ இல்லையோ, ஒரு தடவையாவது ஓட்டிப் பார். ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். 101 குதிரைத்திறன், டர்போ கிடையாது, ஹைட்ராலிக் ஸ்டியரிங். இந்தக் காலத்துக் கார்களில் ஸ்டியரிங்குக்கு மின்மோட்டார் உதவி செய்கிறது, லேசாகத் திரும்பும், ஆனால் ரோடு கைக்குத் தெரியாது. ஃபியஸ்டாவில் முன் சக்கரம் ஒரு சின்ன மணல் திட்டில் ஏறினாலும் உள்ளங்கைக்குத் தெரியும். என்னுடையது 2009 மாடல். 16 வருடமாக இருக்கிறது, விற்கச் சொல்லி வீட்டில் கேட்காத நாள் இல்லை, விற்க மாட்டேன்.

ஆனால் உன் அப்பாவின் நிபந்தனை சரியானது. இந்த வயதுள்ள வண்டிகளில் பலவற்றில் ஏர்பேக் இருக்காது. 15 வருடம் முடிந்தால் எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, பழைய மாடல்களின் சில பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கிறது. தேடி அலைவது எனக்குப் பழகிவிட்டது. பரீட்சைக்கு முந்தின வாரம் நீ அலையக் கூடாது.

அதற்குப் பதிலாக அதே ரத்தத்தில் வந்த ஃபிகோ 1.5 டீசலைப் பார்க்கலாம். 100 குதிரை, 215 நியூட்டன் மீட்டர். சின்ன உடம்பில் அந்த இழுவை வைத்தால் எப்படி இருக்கும் என்று ஓட்டினால்தான் புரியும். ஃபிகோ எஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, சஸ்பென்ஷன் இறுக்கமாக இருக்கும்.


பாலிசி_அண்ணன்

கார் எது என்று மற்றவர்கள் சொல்லட்டும். யாரும் பேசாத பக்கத்தை நான் சொல்கிறேன், இன்சூரன்ஸ்தான் என் தொழில்.

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் எஞ்சின் அளவை வைத்து. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1,000 சிசி வரை வருடம் 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஜிஎஸ்டி விதிப்படி இருந்தால் தனி. அண்ணன் சொன்ன ஃபியஸ்டா 1.6 கடைசிப் படியில் விழுகிறது. மாணவனுக்கு இந்த வித்தியாசம் ஒரு மாதப் பெட்ரோல்.

நோ கிளைம் போனஸ் என்பது வண்டியோடு வராது, ஓனரோடு போகும். விற்பவர் 50 சதவீதம் வைத்திருந்தாலும் உனக்குப் பூஜ்யத்தில்தான் ஆரம்பம். அவருடைய பாலிசியை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்றிவிடு. அதற்குப் பிறகு வண்டிக்கு ஏதாவது ஆனால் சொந்தச் சேதத்துக்குப் பணம் கேட்க முடியாது. ஆர்சி மாற்றம் ஆகட்டும் என்று இரண்டு மாதம் விட்டவர்கள் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

அப்புறம் முக்கியமானது. பர்ஃபார்மன்ஸ் கார் வாங்குகிற பையன்களுக்கு அடுத்த மாதமே எக்ஸாஸ்ட் மாற்றவும், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவை ரீமேப் செய்யவும் கை துறுதுறுக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. என் நண்பர் ஒருவர் ரீமேப் செய்த வண்டியோடு விபத்தில் மாட்டினார். சர்வேயர் கண்டுபிடித்து எழுதிவிட்டார், கிளைம் நிராகரிக்கப்பட்டது. 2.3 லட்சம் சொந்தக் கையிலிருந்து கொடுத்தார். உடைந்த வண்டியைவிட அந்தக் கடிதம்தான் அவரை அதிகமாக உடைத்தது. வண்டி வரும்போதே உனக்குப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எதையும் வாங்காதே.


நொய்யல்_கரை

கோவைக்காரர்கள் யாரும் இதைச் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. டியாகோ ஜேடிபி! நம் ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து செய்த வண்டி. 2018 அக்டோபரில் 6.39 லட்சத்துக்கு வந்தது. 1.2 டர்போ, 114 குதிரை, 150 நியூட்டன் மீட்டர், தாழ்த்திய சஸ்பென்ஷன், மேனுவல். ரேஸ் கார்கள் செய்த கரிவர்தன் இந்த ஊரில் விதைத்ததும், நரேன் கார்த்திகேயன் இங்கிருந்து ஃபார்முலா 1 வரை போனதும் நமக்குப் பெருமை என்றால், இந்தச் சின்ன வண்டியும் அந்த வரிசையில்தான். பிஎஸ்6 புகை விதி வந்தபோது நின்றுவிட்டது. மொத்தமே குறைவான வண்டிகள்தான் வெளியே வந்தன, கிடைத்தால் விட்டுவிடாதே.


பட்டறை_வீட்டுப்_பெண்

ஜேடிபி எனக்கும் பிடிக்கும். அதற்கென்றே செய்த பம்பர், ஸ்பிரிங், பானட் இவற்றுக்கு அடி பட்டால் எங்கே வாங்குவது என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். 145 குதிரை அபார்த் புன்டோவை யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஓட்ட அற்புதம், ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. மாணவனின் ஒரே வண்டியாக அது வேண்டாம்.


ஏற்காடு_20

கார் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. டயர் பற்றிச் சொல்ல வந்தேன்.

8 வருடம் முன்பு, நானும் உன்னை மாதிரி மாணவன். செகண்ட் ஹேண்டில் ஒரு ஹாட்ச்பேக் வாங்கினேன். டயரில் பட்டன் நன்றாக இருந்தது, முக்கால்வாசி மீதி. சந்தோஷமாக ஏற்காடு ஏறினேன். இறங்கும்போது தூறல். 20 கொண்டை ஊசி வளைவில் ஏழோ எட்டோ, வேகம் 30-க்கு மேல் இருக்காது, ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி நேராகப் போனது. திருப்பிய சக்கரம் திரும்பியபடியே நிற்க, வண்டி தடுப்புச் சுவரை நோக்கி வழுக்கிக்கொண்டு போன அந்த இரண்டு விநாடி இன்றும் கனவில் வரும். சுவரில் இடித்து நின்றது. பின் சீட்டில் என் தங்கை இருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் டயரின் பக்கவாட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். என் வண்டியில் இருந்தவை 8 வருடப் பழசு. ஓடாமல் நின்றிருந்ததால் பட்டன் தேயவில்லை, ரப்பர் மட்டும் கல்லாகிவிட்டது.

எந்த வண்டி வாங்கினாலும் நான்கு புது டயருக்குப் பணம் எடுத்து வை. ஆசைப்பட்ட 20 குதிரைத்திறனை விட்டுக்கொடுத்தாவது எடுத்து வை. பிரேக் ஆயிலையும் அன்றே மாற்று. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மலை இறக்கத்தில் பிரேக் சூடானால் ஈரம் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.


பொள்ளாச்சி_பையன்

அண்ணா, இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வேகன்ஆர் டயரைப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது அதற்கும் டயர் மாற்றப் போகிறோம்.


எடை_முக்கியம்

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒரு வண்டிதான் தோன்றுகிறது. பலேனோ ஆர்எஸ்.

2017-இல் வந்தது, 2020-இல் நின்றது. 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட், மூன்று சிலிண்டர் டர்போ, 102 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். எடை 950 கிலோ. டன்னுக்கு 107 குதிரை, இந்த இழையில் பேசிய போலோவையும் ஸ்விஃப்டையும் தாண்டிவிட்டது. இழுவையும் 1,700 ஆர்பிஎம்மிலேயே தொடங்குகிறது. மேனுவல் 5 கியர். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் இரண்டும் உண்டு, அப்பாவுக்கும் சரி.

பாலிசி அண்ணன் சொன்ன படிக்கட்டை வைத்துப் பாருங்கள். எஞ்சின் 998 சிசி. மூன்றாம் நபர் கட்டணத்தில் ஆல்ட்டோவோடு ஒரே படியில் நிற்கிறது! பாகத்துக்கும் கவலை இல்லை. முன், பின் பம்பரை விட்டால் உடம்பு சாதாரண பலேனோதான், எந்த ஊர்க் கடையிலும் கதவும் கண்ணாடியும் கிடைக்கும். எஞ்சினும் அநாதை இல்லை, 2023-இல் வந்த ஃப்ரான்க்ஸில் அதே குடும்பத்து 1.0 பூஸ்டர்ஜெட் திரும்பி வந்திருக்கிறது.

புதிதாக வந்தபோது 8.69 லட்சம், சாதாரண பலேனோவுக்கு எதற்கு இவ்வளவு என்று யாரும் வாங்கவில்லை. அன்று அவர்கள் விட்டது இன்று உனக்குக் கிடைக்கிறது.


பழைய_ஃபியஸ்டா

ஸ்டியரிங்கைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். ஆர்எஸ் வேகமான வண்டி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டியரிங் நடுவில் கொஞ்சம் உணர்வில்லாமல் இருக்கும். வளைவுக்குள் வண்டி என்ன செய்கிறது என்று கைக்கு வருவதைவிட இடுப்புக்குத்தான் அதிகம் தெரியும். ஃபிகோவையும் இதையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய் தம்பி.


நான்காம்_கியர்

ஆர்எஸ்ஸை நான் மறந்தே போயிருந்தேன். மாதம் 600 கிலோமீட்டருக்கு டீசல் தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் போலோ வாங்கச் சொன்னது அவசரம்தான் தம்பி, அக்கா சொன்னதே சரி.


பட்டறை_வீட்டுப்_பெண்

வண்டி பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது. காலையில் போ. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடு. பானட் மேல் கை வை, சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்து 5 நிமிடம் கழித்து ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து விடு. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, டர்போ வண்டியில் அது பெரிய செலவு. ஏறுமுகத்தில் மூன்றாம் கியரில் 2,000-இல் இருந்து முழுதாக மிதி. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது.

கதவின் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பார். கம்பெனி வெல்டிங் வரிசையாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். பட்டி போட்டு மூடிய இடம் வழவழப்பாக இருக்கும். பானட், ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் ஏன் என்று கேள்.

சென்னைப் பதிவு வண்டி என்றால் தனிக் கவனம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நனைந்த வண்டிகள் எங்கெங்கோ விற்பனைக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழு. உள்ளே சுருண்டிருக்கிற கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவ மாட்டார்கள், சேற்றுக் கறை அங்கே இருக்கும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக் குழியில் மணல், இதெல்லாம் பொய் சொல்லாது.

பேப்பர் விஷயம் எம்பரிவாகன் ஆப்பில் தெரியும். பேங்க் கடன் பதிவு இருந்தால் கடன் தீர்ந்ததற்கான என்ஓசியும் 35-ஆம் படிவமும் கையில் வரும் வரை பணம் கொடுக்காதே. பெயர் மாற்ற 29, 30 படிவம். விற்பவர் கையெழுத்தை உன் கண் முன்னால் வாங்கு.

முடிவு செய்கிறபோது எங்கள் பட்டறைக்குக் கொண்டு வா. லிஃப்டில் ஏற்றிக் காட்டுகிறேன், காசு வேண்டாம்.


பொள்ளாச்சி_பையன்

எல்லோருக்கும் வணக்கம். 7 வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன்.

ஃபிகோ 1.5 ஓட்டினேன். இழுவை பயங்கரம், சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். ஆனால் என் அளவு ஓட்டத்துக்கு டீசல் எதற்கு என்ற கேள்வி போகவில்லை. பிறகு ஆர்எஸ் தேட ஆரம்பித்தேன். முதலில் பார்த்தது சென்னைப் பதிவு, பளபளவென்று இருந்தது, விலையும் 4.2 தான். அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. அக்கா சொன்னபடி டிரைவர் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். கடைசி அரை அடி காபித்தூள் நிறத்தில் இருந்தது. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார், நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் "உன் அக்காவுக்கு ஒரு மூட்டை தேங்காய் கொண்டு போய்க் கொடு" என்றார். கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது ஈரோட்டில். 2017 மாடல், 92,000 ஓடியது, முதல் ஓனர், ஒரு ஆசிரியர். சர்வீஸ் பில் அத்தனையும் ஃபைலில் வரிசையாக வைத்திருந்தார். 5 லட்சம் கேட்டார், 4.7-க்கு முடிந்தது. பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். முன் சஸ்பென்ஷனில் லிங்க் ராடு இரண்டும், ஒரு எஞ்சின் மவுண்டும் போயிருந்தன, மற்றதெல்லாம் சுத்தம். டயர் நான்கும் 2019. உடனே மாற்றிவிட்டேன். பிரேக் ஆயில், முன் பேட், எஞ்சின் ஆயில், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 74,000 ஆனது. கையில் 6,000 இருக்கிறது. அடுத்த இன்டர்ன்ஷிப் வரை புதுச் சட்டை இல்லை, பரவாயில்லை.

போன ஞாயிறு அதிகாலை அப்பாவோடு ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறினேன். 40 வளைவு. இரண்டாம் கியரில் வளைந்து வெளியே வரும்போது டர்போ பிடித்து இழுக்கும் அந்த இடம், அது எனக்கு வேண்டியது, அது கிடைத்துவிட்டது. ஒன்பதாம் வளைவு லோம்ஸ் வியூவில் நிறுத்தினோம். அணைத் தண்ணீர் கீழே கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பா சாவியைக் கேட்டார். மீதி 31 வளைவையும் அவர்தான் ஓட்டினார்.


ஏற்காடு_20

படித்ததும் நிம்மதியாக இருக்கிறது. ஆனைமலையில் விடியற்காலை வரையாடு ரோட்டுக்கு வரும், புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு குறுக்கே ஓடும். அந்த ரோட்டில் 30-ஐத் தாண்டாதே. எதிரே மேலேறி வரும் பஸ்ஸுக்கு எப்போதும் வழி விடு. வேகமாகப் போக ஆசை வந்தால் செட்டிபாளையம் இருக்கிறது.


பொள்ளாச்சி_பையன்

சத்தியமாக அண்ணா. அதற்குத்தான் அடுத்த கேள்வியோடு வந்தேன். அடுத்த மாதம் கரியில் எங்கள் அணி சீனியர்கள் சொந்த வண்டிகளைக் கொண்டுபோய் ஓட்டுகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். 2.1 கிலோமீட்டர் சுற்று, தொடர்ந்து எத்தனை சுற்று ஓட்டினால் இந்த பிரேக் பேட் தாங்கும்? ஹெல்மெட் யாரிடமாவது ஒருநாள் இரவல் கிடைக்குமா?


பட்டறை_வீட்டுப்_பெண்

மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக ஆற விட்டு ஓட்டு. உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதே, சூட்டில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், கியரில் நிறுத்து. எஞ்சினையும் உடனே அணைக்காதே, இரண்டு நிமிடம் ஓடட்டும், டர்போ ஆறட்டும். போவதற்கு முதல் நாள் பட்டறைக்கு வா, வீல் நட் எல்லாம் டார்க் ரென்ச் வைத்துச் சரியான அளவுக்கு இறுக்கித் தருகிறேன்.


பழைய_ஃபியஸ்டா

ஹெல்மெட் என்னிடம் இரண்டு இருக்கிறது தம்பி. உன் தலை அளவு என்ன?